மழை கேட்டுத் தொழுகிறோம், வந்த மழையை எங்கே வைக்கிறோம்?



கொஞ்சம் நீளமான பதிவு. தண்ணீர் பவுசருக்குக் காத்திருக்கும் நேரத்திலாவது வாசித்து விடுங்கள். நம் ஊரின் குடிதண்ணீரைப் பற்றியது. ஆனால் ஊருக்கு வெளியே, வெகு தூரத்தில் இருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

1344 ஆம் ஆண்டு இப்னு பதூதா மாலைதீவில் இருந்து வந்து நம் புத்தளத்தில் கரையிறங்கினார். ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார், அவர் கொடுத்த வழித்துணையோடு பாவாத மலைக்குப் போனார். இது நம் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த கதை. அதற்கு 18 வருஷங்களுக்கு முன், 1326 இல், அதே மனிதர் இன்னொரு பயணம் போனார். ஹஜ்ஜை முடித்துக்கொண்டு, ஈராக்குக்குத் திரும்பும் கூட்டத்தோடு அரேபியப் பாலைவனத்தைக் கடந்தார். அந்தப் பயணத்தில் அவர் கண்டு எழுதி வைத்த ஒரு விஷயத்தைத்தான் இன்று பேசப் போகிறோம்.

ஸுபைதாவின் பாதை

கூஃபாவில் இருந்து மக்காவுக்குப் போகும் அந்தப் பாதை 1,400 கிலோமீற்றருக்கும் மேல் நீளமானது. வழியில் ஆறு கிடையாது. ஆண்டுக்கு 100 மில்லிமீற்றர் அளவில் மழை கிடைத்தாலே பெரிது என்ற நிலம். அதுவும் ஒரு சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். ஆயிரக்கணக்கான மனிதர்களும் ஒட்டகங்களும் அந்த வழியாக எப்படிப் போய்வந்தார்கள்?

அப்பாஸிய கலீபாக்கள் அந்தப் பாதையைச் சீராக்கினார்கள். அதில் பெரும் பங்கு கலீபா ஹாரூன் அர்-ரஷீதின் மனைவி ஸுபைதா அம்மையாருடையது. பாதைக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது: தர்ப் ஸுபைதா. வழி நெடுகத் தங்கும் நிலையங்கள், கிணறுகள், 'பிர்கா' எனப்படும் கல்லால் கட்டிய பெரிய தண்ணீர்த் தொட்டிகள். பெரிய நிலையங்கள் மட்டும் 27 என்று கணக்கு.

பிர்கா வேலை செய்த விதம் எளிமையானது. மழை பெய்யும்போது பள்ளங்களில் வெள்ளம் பாயும். அதைச் சிறிய அணைச் சுவர் கட்டித் திருப்பிவிடுவார்கள். பல இடங்களில் அந்த வெள்ளம் நேரே பெரிய தொட்டிக்குள் போகாது. பக்கத்தில் ஒரு சிறிய தொட்டி இருக்கும். மண்ணும் குப்பையும் அங்கே அடியில் படிந்துவிடும், மேலே தெளிந்த தண்ணீர் மட்டும் பெரிய தொட்டிக்கு வழியும். இறங்கி அள்ளுவதற்குப் படிகள் இருக்கும்.

ஸுபைதா அம்மையார் 831 இல் மறைந்தார். 1184 இல் இப்னு ஜுபைர் அந்த வழியாகப் போனார், 1326 இல் இப்னு பதூதா போனார். இந்தத் தொட்டிகள் ஸுபைதாவின் கொடை என்று இருவருமே எழுதி வைத்தார்கள். அம்மையார் இறந்து கிட்டத்தட்ட 500 வருஷங்களுக்குப் பிறகும் மக்கள் அவர் பெயரைச் சொல்லித் தண்ணீர் குடித்தார்கள். 1258 இல் பக்தாத் மங்கோலியரிடம் வீழ்ந்து 68 வருஷங்களாகியும் அந்த வழியில் தண்ணீர் இருந்தது.

இங்கே ஒரு நிமிடம் யோசிப்போம். பாலைவனத்தில் ஒரு தொட்டியைக் கட்டிவிட்டு அப்படியே விட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு வெள்ளமும் கொஞ்சம் மண் கொண்டு வரும், காற்று இன்னும் கொஞ்சம் கொண்டு வரும். 500 வருஷம் தேவையில்லை, ஒரு தலைமுறையிலேயே தூர்ந்துவிடும். ஆகவே கட்டியவர் போன பிறகும் யாரோ மண் அள்ளியிருக்கிறார்கள், உடைந்த சுவரைப் பூசியிருக்கிறார்கள். அவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் இல்லாமல் ஸுபைதாவின் பெயரும் நிலைத்திருக்காது.

பின்னாளில் அந்தப் பாதையில் போக்குவரத்துக் குறைந்தது. அள்ளுவார் இல்லாமல் பல தொட்டிகள் மணலுக்குள் போயின. மழை அன்றும் இன்றும் ஏறக்குறைய அதேதான். நின்று போனது மழை இல்லை, மண் அள்ளும் கைதான்.

முற்றத்தில் மழை சேர்த்த பள்ளிவாசல்

அடுத்ததாக துனீசியாவின் கைரவான். உக்பா இப்னு நாஃபிஃ 670 இல் உருவாக்கிய நகரம். அங்குள்ள பெரிய பள்ளிவாசல் இன்று நாம் காணும் தோற்றத்தைப் பெரும்பாலும் 9 ஆம் நூற்றாண்டில் அக்லபி ஆட்சியாளர் காலத்தில் பெற்றது. கைரவானில் ஆண்டு மழை சுமார் 300 மில்லிமீற்றர்தான். நமக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

அந்தப் பள்ளிவாசலின் படங்களைப் பார்த்தால் பெரிய முற்றம் ஒன்று தெரியும். பார்ப்பவர்கள் தூண்களையும் மினாராவையும் பார்ப்பார்கள். நாம் தரையைப் பார்க்கச் சொல்கிறோம். அந்த முற்றம் சமதரை இல்லை, நடுப்பகுதியை நோக்கி மெல்லச் சரிந்திருக்கிறது. நடுவில் சலவைக்கல்லில் செதுக்கிய ஒரு வாய் இருக்கிறது. மழைத் தண்ணீர் அதன் குழிவுகளிலும் வெட்டுகளிலும் தேங்கி, மண்ணைப் படியவிட்டு, பிறகு நிலத்துக்குக் கீழே உள்ள தொட்டிக்குள் இறங்கும். முற்றத்தில் கிணற்று வாய்கள் உண்டு. பழைய தூண்களின் அடிக்கற்களைக் குடைந்து செய்தவை. அவற்றின் விளிம்பில் கயிறு உராய்ந்து உராய்ந்து விழுந்த தடங்கள் இன்றும் ஆழமாகத் தெரிகின்றன. எத்தனை நூற்றாண்டுகள் எத்தனை கைகள் அங்கே வாளி இறக்கினவோ!

நகருக்கு வெளியே அக்லபிகள் கட்டிய தொட்டிகளும் இன்று நிற்கின்றன. பெரியதன் விட்டம் சுமார் 128 மீற்றர். அதன் பக்கத்திலேயே சிறிய தொட்டி ஒன்று, மண் படிவதற்கு. ஸுபைதாவின் பாதையில் பார்த்த அதே யோசனை.

அந்தப் பள்ளிவாசலைக் கட்டியவர்கள் வணக்கத்துக்கு ஒரு கட்டடம், தண்ணீருக்கு ஒரு திட்டம் என்று இரண்டாகப் பிரிக்கவில்லை. தொழும் இடமே மழையை வாங்கும் இடமாகவும் இருந்தது. பள்ளியைப் பராமரிப்பவர் தொட்டியையும் பராமரித்தாக வேண்டும், இல்லாவிட்டால் வுழூவுக்கே தண்ணீர் இல்லை.

மண்ணுக்குள் மறைந்த ஏடன் தொட்டிகள்

மூன்றாவது கதை யெமனின் ஏடன் துறைமுகம். நம் முன்னோரோடு வியாபாரம் செய்த அரபுக் கப்பல்கள் தங்கிப் போன துறைமுகங்களில் அதுவும் ஒன்று. அங்கே ஆண்டு மழை 50 மில்லிமீற்றர் அளவுதான். நகருக்குப் பின்னால் பாறை மலை. அந்த மலையில் விழும் மழையைப் பிடிக்க, தவீலா என்ற பள்ளத்தாக்கில் பாறையைக் குடைந்தும் சுண்ணாம்புச் சாந்து பூசியும் படிப்படியாகத் தொட்டிகள் செய்திருந்தார்கள். மேலுள்ளது நிரம்பினால் கீழுள்ளதற்கு வழியும். அவை எந்தக் காலத்தவை என்று ஆய்வாளர்களால் உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்குப் பழையவை.

1839 இல் ஆங்கிலேயர் ஏடனைப் பிடித்தபோது அந்தத் தொட்டிகளில் பெரும்பாலானவை மலையில் இருந்து உருண்டு வந்த கல்லுக்கும் மண்ணுக்கும் கீழே மூடிக் கிடந்தன. 1850களில் பிளேஃபெயர் என்ற ஆங்கில அதிகாரி அவற்றை அகழ்ந்து வெளியே கொண்டுவரும் வேலையைத் தொடங்கினார். தொட்டிகள் மண்ணுக்குள் கிடந்த காலத்தில் ஊரார் உவர்க் கிணறுகளையும் வெளியில் இருந்து சுமந்து வந்து விற்ற தண்ணீரையும் நம்பி இருந்தார்கள்.

காலுக்குக் கீழே இத்தனை தொட்டிகள் இருக்க, தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிய ஊர். வாசிக்கும்போது உங்களுக்கு ஏதாவது நினைவுக்கு வருகிறதா? எங்களுக்கு வந்தது.

நம் ஊருக்கு வருவோம்

புத்தளத்தில் ஆண்டு மழை சுமார் 1,100 மில்லிமீற்றர். இலங்கையில் 1,750 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் உலர் வலயம் என்பார்கள். அந்தக் கணக்கில் நாம் வரண்ட பக்கம். ஆனால் கைரவானோடும் ஏடனோடும் வைத்துப் பார்த்தால் நாம் பணக்காரர்கள். ஒரே சிக்கல், மழை வருஷம் முழுக்கப் பரவிப் பெய்வதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும், சித்திரையில் கொஞ்சம் தரும். வைகாசியில் இருந்து புரட்டாதி வரை வானத்தைப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டியதுதான்.

இந்த நாட்டின் பழைய மன்னர்கள் குளம் கட்டினார்கள் என்பதில் நாம் பெருமைப்படுகிறோம். சரிதான். ஆனால் குளம் முதலாவதாக வயலுக்கானது. பிறகு குளிக்க, மாடு குடிக்க. குடிதண்ணீருக்குக் கிராமத்து மக்கள் பெரும்பாலும் கிணற்றையே நம்பினார்கள். குளத்தில் இருந்து மண்ணுக்குள் கசிந்து வந்த தண்ணீர் கிணற்றில் ஊறும்போது சுத்தமாகியிருக்கும். மழை நாளில் கூரைத் தாழ்வாரத்தில் பானை வைப்பது, வாழை மட்டையைப் பீலியாகக் கட்டுவது, மரத்தில் வழியும் தண்ணீரை இலை சொருகிப் பானைக்குத் திருப்புவது இதெல்லாம் நம் மூத்தம்மாமார் செய்த வேலைகள். யாரும் அவர்களுக்குச் செயலமர்வு நடத்தவில்லை. சிகிரியாக் குன்றின் உச்சிக்குப் போயிருப்பவர்கள் பாறையில் வெட்டிய தொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். 5 ஆம் நூற்றாண்டில் அந்த உயரத்தில் வாழ்ந்தவர்களும் வானத்தண்ணீரைச் சேர்த்து வைத்தவர்கள்தான்.

பிறகு என்ன மாறியது? கிணறு மாறியது. கற்பிட்டிப் பக்கத்து மணலுக்குக் கீழே நல்ல தண்ணீர் ஒரு மெல்லிய படையாக, கடல்தண்ணீருக்கு மேல் மிதந்து கொண்டிருக்கிறது. மேலே பெய்யும் மழைதான் அதை நிரப்புகிறது. அளவுக்கு மேல் இறைத்தால் உப்பு மேலே வரும். மேலே போடும் உரம் மணலுக்குள் இறங்கி நைத்திரேற்றாகக் கிணற்றுக்கு வரும். இதை ஆய்வாளர்கள் பல வருஷங்களாகச் சொல்லி வருகிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து விரட்டப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட நம் சகோதரர்களில் பெரும்பாலானோர் உடுத்த உடையோடு இந்த மாவட்டத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். இருந்த கிணறுகளையே இரு தரப்பும் பகிர்ந்து குடித்தோம். அந்தக் கிணறுகள் அத்தனை வாளிகளுக்காக வெட்டப்பட்டவை அல்ல.

அயலில் வடமத்திய மாகாணத்தில் 1990களில் இருந்து கமக்காரக் குடும்பங்களைத் தாக்கும் சிறுநீரக நோயைப் பற்றி எல்லாரும் அறிவோம். அதன் காரணம் எது என்று விஞ்ஞானிகள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. குடிக்கும் நிலத்தடி நீரும் சந்தேகப் பட்டியலில் இருக்கிறது. அதனால்தான் அந்தப் பகுதிகளில் பாடசாலைகளுக்கும் வீடுகளுக்கும் மழைநீர்த் தாங்கிகள் கொடுக்கப்பட்டன.

பூசணிக்காய்த் தாங்கிகள்

இலங்கையில் புதிய காலத்து மழைநீர்த் தாங்கி 1995 அளவில் வந்தது. உலக வங்கி உதவியோடு நடந்த சமூக நீர்வழங்கல் திட்டத்தில், பதுளை, மாத்தறை மாவட்டங்களில் குழாயும் கிணறும் எட்டாத மேட்டுக் குடியிருப்புகளுக்காக 5,000 லீற்றர் தாங்கிகள் செய்யப்பட்டன. ஒன்று நிலத்துக்குக் கீழே செங்கல்லால் கட்டியது. மற்றது நிலத்துக்கு மேலே, கம்பி வலையில் சீமெந்து பூசி, பூசணிக்காய் வடிவில் செய்தது. 1996 இல் இலங்கை மழைநீர் சேகரிப்பு மன்றம் உருவானது. 2005 இல் தேசிய மழைநீர்க் கொள்கை வந்தது. பிறகு நகர எல்லைகளில் குறிப்பிட்ட புதிய கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கும் விதிகளும் வந்தன. கொள்கை இருக்கிறது, சட்டம் இருக்கிறது, வடிவம் இருக்கிறது.

ஆனால் ஊருக்குள் நடந்து பாருங்கள். பீலி கழன்று தொங்கும் தாங்கி, மூடி இல்லாத தாங்கி, தேங்காய் மட்டை போட்டு வைத்த தாங்கி. பவுசர் வரும் நாளில் அந்தத் தாங்கிக்குப் பக்கத்தில் நீல நிறப் பரல்கள் வரிசையில் நிற்கும். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் அரைப் போத்தல் தண்ணீரோடு வருவார்கள். பதினொரு மணிக்கு அது முடிந்துவிடும், பிறகு தலைவலி என்று மேசையில் படுப்பார்கள்.

ஏன் கைவிட்டோம் என்று கேட்டால் மூன்று பதில் கிடைக்கிறது. மூன்றுமே நியாயமானவை, மூன்றுக்கும் பதிலும் இருக்கிறது.

"சப்பென்று இருக்கிறது, ருசி இல்லை." உண்மை. மழைத்தண்ணீரில் உப்புகள் கரைந்திருக்காது. நம் நாக்கு கிணற்று உவர்ப்புக்குப் பழகிவிட்டது. தேயிலை போட்டுக் குடித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

"நுளம்பு பெருகும்." மூடாத தாங்கியில் பெருகும். மூடி இறுக்கமாக, உள்ளே வரும் குழாயிலும் வழிந்து போகும் குழாயிலும் மெல்லிய வலை இருந்தால் நுளம்பு உள்ளே போக வழியில்லை. வெளிச்சம் புகாவிட்டால் பாசியும் பிடிக்காது.

"கூரையில் காகம் எச்சமிடும், தூசி படியும்." சரி. அதற்குத்தான் கைரவானின் அந்தச் சலவைக்கல் வாயும், பிர்காவின் சிறிய தொட்டியும். நம் வீட்டில் அதன் வேலையைச் செய்வது ஒரு துண்டுக் குழாய். மாரி தொடங்கும்போது கூரையையும் பீலியையும் கழுவ வேண்டும். ஒவ்வொரு மழையிலும் முதலில் வரும் தண்ணீரைத் தாங்கிக்குள் விடாமல் வெளியே போக்க வேண்டும். சாதாரண வீட்டுக் கூரைக்கு 50 லீற்றராவது போகட்டும். தூசி அதிகம் படியும் இடமானால் இன்னும் கூடுதலாக. பிறகு வருவதைச் சேர்த்து, கொதிக்க வைத்துக் குடிக்கலாம். வருஷத்துக்கு ஒருமுறை தாங்கியைக் கழுவிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லித் தண்ணீரைச் சோதித்துக்கொண்டால் மனமும் ஆறும்.

வகுப்பில் போட்ட கணக்கு

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து கரும்பலகையில் போட்ட கணக்கு இது. ஒரு சதுர மீற்றர் இடத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். 50 சதுர மீற்றர் கூரை, 1,000 மில்லிமீற்றர் மழை என்று வைத்தால் 50,000 லீற்றர். சிந்தியது, முதலில் வெளியே விட்டது எல்லாம் ஐந்தில் ஒரு பங்கு என்று கழித்தாலும் 40,000 லீற்றர்.

ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லீற்றர், நாளுக்கு 25 லீற்றர். வரண்ட ஐந்து மாதத்துக்கு, அதாவது 150 நாளுக்கு, 3,750 லீற்றர். 5,000 லீற்றர் தாங்கி ஒன்று நிரம்பியிருந்தால் 200 நாள் தாங்கும். குளிக்கவும் துவைக்கவும் கிணற்றுத் தண்ணீர் போதும், மழைத்தண்ணீர் வாய்க்குள் போவதற்கு மட்டும். இந்த ஒழுங்கை வீட்டில் வைத்தால் கணக்கு சரியாக வருகிறது. அதே தாங்கியில் மோட்டார் சைக்கிள் கழுவினால் வராது.

நம் பாடசாலைகளின் வழமையான நூறுக்கு இருபது அடிக் கட்டடம் ஒன்றின் கூரையில் அதே கணக்குப்படி ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் லீற்றர் கிடைக்கும். 300 சதுர மீற்றர் கூரையுள்ள பள்ளிவாசல் என்றால் 2,40,000 லீற்றர். 5,000 லீற்றர் பவுசரில் 48 பவுசர். இந்தத் தண்ணீர் இப்போது எங்கே போகிறது? வடிகாலுக்கும் வீதிக்கும்.

சொல்ல வந்தது

வரட்சி நீண்டால் நாம் மைதானத்தில் கூடி மழை கேட்டுத் தொழுகிறோம். தொழ வேண்டும், அது சுன்னத். அந்த மழை வருகிற இரவில் நம் பள்ளிக் கூரையில் இருந்து கொட்டும் தண்ணீர் வீதியில் ஓடுவதைப் பார்த்துக் கொண்டும் நிற்கிறோம். கேட்டது கிடைத்த பிறகு அதை வாங்கி வைக்கப் பாத்திரம் இல்லாமல் நிற்பது என்ன நியாயம்?

மூன்று ஊர்களின் வரலாறும் ஒரே இடத்துக்குத்தான் நம்மைக் கொண்டு வருகிறது. தொட்டி கட்டுவது ஒரு நாள் வேலை, ஒரு கொடையாளியின் வேலை. அதைக் காப்பது தலைமுறைகளின் வேலை. அள்ள ஆள் இருந்த வரைக்கும் பிர்காவில் தண்ணீர் இருந்தது. பள்ளியோடு சேர்த்துக் கட்டியதால் கைரவானின் தொட்டிக்குக் காவல் இருந்தது. யாருடைய பொறுப்பும் இல்லாமல் போன காலத்தில் ஏடனின் தொட்டிகள் மண்ணுக்குள் போயின. நம் ஊரில் திட்டம் வந்தது, தாங்கி வந்தது, திறப்பு விழாவும் நடந்தது. "இது இன்னாருடைய பொறுப்பு" என்ற ஒரு வரி மட்டும் எங்கும் எழுதப்படவில்லை.

ஆகவே ஜமாஅத்தாரிடமும் நிர்வாக சபையினரிடமும் பணிவோடு மூன்று விஷயம் கேட்கிறோம்.

ஒன்று, ஐப்பசி மழைக்கு முன் நம் பள்ளிவாசல் கூரைக்குப் பீலியும் ஒரு தாங்கியும். முதல் வருஷம் சிறியதாக இருந்தாலும் போதும். பக்கத்து வீடுகள் குடிக்க ஒரு குழாய் வெளியே வையுங்கள்.

இரண்டு, அந்தத் தாங்கியைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமித்து, சிறு தொகை ஒன்றை மாதாமாதம் பள்ளிக் கணக்கில் எழுதுங்கள். விளக்குக்கும் விசிறிக்கும் எழுதுவது போல இதற்கும் எழுதலாம். மரணித்த பெற்றோர் பெயரால் ஸதகா ஜாரியா செய்ய நினைக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். புதிதாக ஒன்று கட்டித் தர வருபவர்களிடம், இருப்பதைப் பத்து வருஷம் காக்கவும் பணம் தரச் சொல்லுங்கள். மண் அள்ளியவருக்கும் கட்டியவருக்கும் கூலி ஒன்றுதான் என்று நாம் நம்புகிறோம்.

மூன்று, வீட்டில் ஏற்கனவே தாங்கி இருப்பவர்கள் இந்த வாரம் அதன் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். தேங்காய் மட்டையை வெளியே எடுங்கள். பீலி எத்தனை அடி வேண்டும் என்று அளந்து வையுங்கள். அளக்கத் தெரியாவிட்டால் எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அனுப்புகிறோம். கணக்கும் போட்டுத் தருவார்கள், ஒரு தேத்தண்ணீர் கொடுத்தால் போதும்.

உங்கள் ஊர்ப் பள்ளியில் பழைய மழைத்தொட்டியோ ஹவுழோ இருந்ததாகப் பெரியவர்கள் சொன்னால், அதைக் கீழே எழுதுங்கள். எத்தனை அடி, யார் பார்த்துக்கொண்டார்கள், எப்போது மூடப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவற்றை ஓர் அப்பியாசக் கொப்பியில் பிள்ளைகளைக் கொண்டு பதிந்து வைக்கப் போகிறோம். பழைய தொட்டி எங்கே இருந்தது என்று தெரிந்தால்தானே அதைத் தோண்டி எடுப்பதா, புதிதாகக் கட்டுவதா என்று பேச முடியும்.